விரல் ரேகையில் எழுதியிருக்கிறதா பிள்ளையின் மூளை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் சுங்கை சிப்புட் போன்ற மலேசியத் தோட்டப்புற ஊர்களில் ஒரு துண்டறிக்கை கைமாறத் தொடங்கிவிடுகிறது. பிள்ளையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, பிறவித் திறமை எது, எந்தப் பாடம் ஓடும், எந்த வேலை பொருந்தும் என்று கெட்டி அட்டை போட்ட அறிக்கையாகத் தருவார்களாம். கோயில் மண்டபத்து ஓரத்தில் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, வண்ண வண்ணமாக ஒரு மூளைப் படம், அவ்வளவுதான் கடை. கட்டணமோ நூற்றுக்கணக்கான வெள்ளி. செம்பனைக் குலை அறுக்கும் ஒருவருக்கு அது பல நாள் கூலி. பணம் போவதைக்கூட விட்டுவிடலாம். அந்த அறிக்கையை நம்பி, 'உனக்குக் கணக்கு வராதுன்னு அதுலயே போட்டிருக்கு' என்று ஆண்டு 4 பிள்ளையிடம் சொல்வதுதான் பெரிய சேதம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

விற்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தொல்லையே அங்கேதான் தொடங்குகிறது. கருவில் விரல் ரேகை ஏறக்குறைய 10ஆம் வாரத்தில் உருவாகத் தொடங்கி, ஆறாம் மாதத்துக்குள் நிலைத்துவிடுகிறது. உண்மை. தோலின் மேலடுக்கும் மூளையும் கருவின் ஒரே வெளிப்படலத்திலிருந்து பிரிந்து வளர்பவை. அதுவும் உண்மை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பலருக்கு உள்ளங்கை ரேகை வேறுபட்டிருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் அதே படலத்திலிருந்துதான் தலைமுடியும் நகமும் பல்லின் எனாமலும் வருகின்றன. நகத்தைப் பார்த்து 'இவனுக்கு அறிவியல் ஓடும்' என்று சொன்னால் சிரிப்போம். ரேகையைப் பார்த்துச் சொன்னால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்? பெருவிரல் மூளையின் முன்பகுதியோடும், சுண்டுவிரல் பின்பகுதியோடும் தொடர்புடையதென்று ஒரு படம் காட்டுவார்கள். உடற்கூறியலில் அப்படியோர் இணைப்பு கிடையாது. டவுன் சிண்ட்ரோம் போல குரோமோசோம் மாற்றத்தால் வரும் ஒரு நிலையில் ரேகை மாறுகிறது என்பதை வைத்து, ஆரோக்கியமான இரண்டு பிள்ளைகளில் யார் கெட்டி என்று ரேகையைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

சரி, அறிக்கையைப் படித்த தாய் 'எம்புள்ளைய கூடவே இருந்து பாத்த மாதிரி எழுதியிருக்காங்களே' என்று அசந்துபோவது ஏன்? அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் இதை 1948இல் தம் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தார். 39 மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு குணவிளக்கத்தைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது: எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். வரிகளை அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து பொறுக்கியிருந்தார். 'உங்கள் பிள்ளைக்கு ஆற்றல் நிறைய உண்டு, இன்னும் முழுதாக வெளிப்படவில்லை', 'பிடித்த காரியத்தில் மணிக்கணக்காக உட்காருவான், பிடிக்காததில் கவனம் சிதறும்'. இந்த வரிகள் எந்த வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாது? கிளி ஜோசியக்காரர்களுக்கு ஃபோரருக்கு முன்பே தெரிந்த சங்கதி இது.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் அந்த அறிக்கையை வீணாக்க வேண்டாம். ஒரு நல்ல சோதனைக்கு உதவும். நான்கு குடும்பம் சேர்ந்து நான்கு அறிக்கையையும் நகலெடுங்கள். பெயர், வயது, பள்ளி ஆகியவற்றைக் கறுப்பு மையால் அழியுங்கள். உள்ளே வரும் 'அவன்', 'அவள்' என்ற சொற்களையும் மறக்காமல் அழியுங்கள். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், மகளின் அறிக்கை அதிலேயே தெரிந்துவிடும். பிறகு கலைத்துப் போட்டு, ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பிள்ளையுடையது என்று படுவதை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளட்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே நால்வரில் சராசரியாக ஒருவருக்குச் சரியானது கிடைத்துவிடும். ஆக, ஒருவர் இருவர் சரியாக எடுத்ததைப் பெரிதாக நினைக்க வேண்டாம். நால்வருமே தற்செயலாகச் சரியாக எடுக்க 24க்கு ஒரு வாய்ப்புத்தான். அப்படி நடந்தால் அந்த அறிக்கையைப் பற்றிப் பேசலாம்.

அறிக்கையில் இன்னொரு பக்கமும் இருக்கும். உங்கள் பிள்ளை பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா, செய்து கற்பவனா என்று சதவீதம் போட்டிருப்பார்கள். இப்படிப் பிரித்து, பிரிவுக்குத் தக்கபடி பாடம் நடத்தினால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008இல் ஹெரல்ட் பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் ஹாவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கருத்தையும் (நுண்ணறிவு ஒன்றல்ல, பல வகை என்பது) இதனோடு சேர்த்துக் குழப்பி விற்கிறார்கள். கார்ட்னர் விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் வேர் எங்கள் கண்ணுக்கு வேறிடத்தில் தெரிகிறது. நம் பேச்சில் 'அறிவு' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. புதுக் கணக்கை விரைவாகப் பிடித்துக்கொள்பவனும் அறிவாளி. சொன்னதை அப்படியே நம்பாமல் யோசிப்பவரும் அறிவாளி. குடும்பச் சண்டையில் இரு தரப்பும் ஏற்கும்படி ஒரு வார்த்தை சொல்லும் பெரியவரும் அறிவாளி. உளவியலில் இவை நுண்ணறிவு, சிந்தனை, விவேகம் என்று மூன்று தனித்தனிப் பாடங்கள். ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது. துண்டறிக்கைக்காரர்கள் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒரே விலை போட்டு விற்கிறார்கள்.

முதலில் நுண்ணறிவு. ஐ.கியூ என்று நாம் சொல்வது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பாதி மயக்கம் தெளியும். பொது வகுப்பில் தடுமாறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து உதவ வழி தேடி, பிரெஞ்சு அரசு 1904இல் ஒரு குழு அமைத்தது. அதிலிருந்த ஆல்பிரட் பினே, தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் 30 வினாக்கள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். நோக்கம் உதவி. பிள்ளையின் அறிவு இவ்வளவுதான், இனி மாறாது என்று முத்திரை குத்துவதைப் பினே ஏற்கவில்லை. 1912இல் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதைப் பிறந்த வயதால் வகுத்தார். 1916இல் லூயிஸ் டெர்மன் அதை 100ஆல் பெருக்கினார். 8 வயதுப் பிள்ளை 10 வயதுப் பிள்ளைகளுக்குரிய வினாக்கள்வரை செய்தால் 125 என்பது அந்தக் கணக்கு. இன்று யாரும் அப்படிக் கணக்கிடுவதில்லை. 40 வயதுக்காரரை 50 வயதுக்காரரோடு ஒப்பிட்டு என்ன சொல்வது?

இப்போதைய முறை டேவிட் வெக்ஸ்லருடையது. ஒத்த வயதினரின் சராசரி 100, விலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பரவி நிற்கும் அளவு) 15. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 68 பேர் 85க்கும் 115க்கும் இடையில் நிற்பார்கள். 95 பேர் 70க்கும் 130க்கும் இடையில். பெற்றோர் பெரும்பாலும் தவறிவிடுவது இந்த எண்களைப் பள்ளி மதிப்பெண்ணாகப் படிக்கும்போதுதான். 85 என்றால் நூற்றுக்கு 85 மார்க் என்று சிலர் மகிழ்கிறார்கள். உண்மையில் அது நூறு பேரில் சுமார் 16 பேரை முந்தும் இடம். 100 என்றதும் 'புல் மார்க்' என்பவர்களும் உண்டு. அது நட்ட நடு. அறிக்கையில் '84ஆம் சதமானம்' என்று இருந்தால் அதுவும் மார்க் அல்ல, நூறு பேரில் சுமார் 84 பேரை முந்தும் இடம்; ஐ.கியூ 115 என்பதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள்.

6 வயது முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உலகெங்கும் அதிகம் பயன்படும் வெக்ஸ்லர் தேர்வின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்து முதன்மை உட்பிரிவுகள் உண்டு. தேர்வாளர் பிள்ளையோடு தனியறையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரத்தை ஒட்டிச் செய்வது அது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளைப் படத்தில் உள்ளபடி அடுக்க வேண்டும். சொன்ன எண்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும், பிறகு தலைகீழாகச் சொல்ல வேண்டும். சொற்பொருள் கேட்பார்கள். சொல்லாற்றல், இடம் சார்ந்த ஆற்றல், புதிர் அவிழ்க்கும் ஆற்றல், செயல்நினைவு (கேட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்வது), வேகம் என்று ஐந்து புள்ளிகள் தனித்தனியே வரும். மொத்த எண்ணைவிட இந்த ஐந்தும்தான் ஆசிரியருக்கு உதவும். மண்டபத்தில் நாற்பது பேரை உட்கார வைத்து 15 நிமிடத்தில் 'ஐ.கியூ டெஸ்ட்' முடிந்தது என்றால் அது இது அல்ல.

உண்மையான தேர்விலும் பிசகு வரும். முதல் பிசகு மொழி. வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழ் பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால், அங்கே அளக்கப்படுவது ஆங்கிலம். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல்லாற்றல் 80 என்றும் கட்டை அடுக்குவதில் 110 என்றும் வந்தால், இரண்டையும் கூட்டிச் சராசரி போடுவது அநியாயம். இரண்டாவது, ஒத்த வயதினரோடு ஒப்பிட வைத்திருக்கும் அட்டவணை பழையதாக இருப்பது. பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்திருப்பதை ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் காட்டினார். பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி. 20 ஆண்டுக்கு முந்திய அட்டவணையை வைத்து இன்றைய பிள்ளையை அளந்தால் 6 புள்ளி சும்மா கூடிவிடும். மூன்றாவது, ஒற்றை எண். நல்ல அறிக்கை '100' என்று நிறுத்தாது. '94 முதல் 106 வரை' என்பது போல் ஓர் எல்லையைத் தரும். எல்லை இல்லாத அறிக்கையைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள்.

எப்போது இந்தத் தேர்வு தேவை? ஆண்டு 2 முடிந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலவில்லை, வகுப்பில் மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்குகிறது என்றால் தேவைப்படலாம். அதற்கும் முன் கண்ணையும் காதையும் சோதியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையை 'மந்தம்' என்று கடைசி வரிசையில் உட்கார வைத்தால் இன்னும் மங்கலாகத்தான் தெரியும். பிறகு அரசு மருத்துவமனை வழியாக மருத்துவ உளவியலாளரிடம் போகலாம். ஆலோசகர்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டமும், மருத்துவ உளவியலாளர்களுக்கு 2016ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழில் சட்டமும் இருக்கின்றன. பதிவு எண் என்ன என்று கேட்பது அவமரியாதை ஆகாது.

இனி, தேர்வுத் தாள் தவறவிடும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டின் ரெசீஃபி நகரச் சந்தையில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளை டெரெசினா கராஹரும் இரு ஆய்வாளர்களும் கவனித்து 1985இல் எழுதினார்கள். சந்தையில் வாடிக்கையாளராகப் போய்க் கேட்டபோது பிள்ளைகளின் விடைகளில் 98 விழுக்காடு சரி. அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரி. ஒரு பிள்ளையிடம் நான்கு தேங்காய் என்ன விலை என்று கேட்டார்கள். ஒன்று 35. பிள்ளை மனத்தில் போட்ட கணக்கு இது: மூன்று 105, அதோடு 30 சேர்த்தால் 135, ஒரு தேங்காய் 35 ஆயிற்றே, அப்படியானால் 140. மிகச் சரி. அதே பிள்ளை தாளில் 35ஐ 4ஆல் பெருக்கியது: 'நாலஞ்சு இருபது, 2 மேலே, இரண்டும் மூன்றும் ஐந்து, நாலஞ்சு இருபது.' எழுதிய விடை 200.

இந்தத் தவற்றை உற்றுப் பாருங்கள். வாய்ப்பாடு சரி. மேலே கொண்டுபோன 2ஐப் பெருக்கிய பிறகு கூட்டாமல், பெருக்கும் முன்பே கூட்டிவிட்டது, அவ்வளவுதான். சந்தையில் 35 என்பது ஒரு தேங்காய். தாளில் 3 ஒன்று, 5 ஒன்று, இரண்டும் ஒட்டுறவில்லாத எண்கள். சந்தையாக இருந்தால் நாலு தேங்காய்க்கு 200 கேட்க அந்தப் பிள்ளைக்கே நாக்கு எழாது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அம்மாவுக்குத் துணையாக நின்று மீதிக் காசு எண்ணிக் கொடுக்கும் பிள்ளை கணக்கில் தோற்றால் 'கணக்கு வராது' என்று முடிவு கட்டாதீர்கள். செய்த படிகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் படியில் சறுக்குகிறது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். விடை எழுதும் முன் 'ஏறக்குறைய எவ்வளவு வரும்?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பழக்குங்கள். 35 என்பது 40க்குள், நாலு நாற்பது 160, அப்படியிருக்க 200 எப்படி வரும்?

கையனுபவ அறிவும் இப்படித்தான் தாளில் ஏறாது. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் நுண்ணறிவை இரண்டாகப் பிரித்தார்: முன்பின் பாராத புதிரை அவிழ்ப்பது ஒன்று, பட்டறிந்து சேர்த்தது மற்றொன்று. முதலாவது இளமையில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். இரண்டாவது வயதாகியும் நெடுநாள் நிற்கும். பால்மரம் சீவிய பாட்டிக்குக் கத்தி பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம், எங்கே நிறுத்தாவிட்டால் மரத்தில் காயம் விழும் என்பது கைக்கே தெரியும். புதுக் கைப்பேசியைப் பழகப் பாட்டி திணறுவதைப் பார்த்துப் பேரன் சிரிக்கிறான். கத்தியை அவன் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

சிந்தனைக்கு வருவோம். வீட்டிலேயே பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942இல் வெளியிட்டது. அளவுக் கோடு இல்லாத மூன்று பாத்திரங்கள். தேவையான தண்ணீரை அளந்து எடுக்க வேண்டும். பாத்திரம் வேண்டாம், தாளில் எழுதினாலே போதும். முதல் கணக்கில் மூன்றும் முறையே 21, 127, 3 கொள்ளும், 100 வேண்டும். நடுப் பாத்திரத்தை நிரப்பி, அதிலிருந்து முதலாவதை ஒருமுறையும் மூன்றாவதை இருமுறையும் நிரப்பி எடுத்தால் 127 கழித்தல் 21 கழித்தல் 6, நூறு. அடுத்து 14, 163, 25 வைத்து 99. பிறகு 18, 43, 10 வைத்து 5. பிறகு 9, 42, 6 வைத்து 21. பிறகு 20, 59, 4 வைத்து 31. ஐந்தும் இதே வழியில் வந்துவிடும். பிள்ளைக்கு இப்போது குஷி, வேகம் பிடித்துவிடும். அப்போது ஆறாவதைக் கொடுங்கள்: 23, 49, 3, வேண்டியது 20.

பழகிய வழியில் 49இலிருந்து 23ஐயும் 6ஐயும் கழித்தால் 20 வரும். அப்படித்தான் பெரும்பாலோர் செய்வார்கள். ஆனால் 23இலிருந்து 3ஐ எடுத்தாலே முடிந்துவிட்டதே! முந்திய ஐந்தையும் பார்க்காத பிள்ளையிடம் இதை மட்டும் கொடுத்தால் சட்டென்று குறுக்கு வழியைப் பிடித்துவிடும். அடுத்ததாக 28, 76, 3 கொடுத்து 25 கேளுங்கள். இங்கே பழைய வழி 42இல் கொண்டுபோய் விடும். அதற்குமேல் நகராமல் 'கணக்கு தப்பு' என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, பெரியவர்களும் உண்டு. நுண்ணறிவில் குறையில்லாதவர்களும் இதில் விழுகிறார்கள், ஏனென்றால் சறுக்குவது பழக்கத்தால். தாளில் 'கண்ணை மூடிக்கொண்டு செய்யாதே' என்று எழுதச் சொல்லியும் பார்த்தார் லூச்சின்ஸ். சிலருக்குத்தான் விழிப்பு வந்தது.

டியூஷனில் ஒரே மாதிரிக் கணக்கு இருபதை அடுக்கிக் கொடுக்கும் ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதினெட்டாவது கணக்கைப் பிள்ளை படிப்பதே இல்லை, எண்ணை மட்டும் பொறுக்கிப் பழைய அச்சில் ஊற்றுகிறது. நான்கைந்துக்கு ஒன்று வேறு வகையைக் கலந்து வையுங்கள். தொடக்கத்தில் மதிப்பெண் இறங்கும். பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படிப்பதற்கும் இப்படி ஒரு பிழையான பழக்கம் உண்டு: திரும்பத் திரும்ப வாசிப்பது, மஞ்சள் பேனாவால் கோடு போடுவது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சாரார் பாடத்தை மீண்டும் வாசித்தார்கள். மறு சாரார் மூடி வைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 81 விழுக்காடு, எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 42க்கு இறங்கினார்கள், எழுதியவர்கள் 56இல் நின்றார்கள். வீட்டில் செய்ய ஒரு வெற்றுத் தாள் போதும். ஒரு பக்கம் வாசித்து, புத்தகத்தை வேறு அறையில் வைத்துவிட்டு (மேசையில் இருந்தால் மூன்றாவது வரியில் எட்டிப் பார்ப்பான்) நினைவில் நின்றதைத் தன் சொல்லில் எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பில் சேர்க்க வேண்டும். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று மறுபடியும். முதல் தாள் முக்கால்வாசி வெறுமையாகத்தான் இருக்கும். அதற்குத் திட்டினால் பிள்ளை அடுத்த முறை எட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்ளும், பாடத்தை அல்ல.

விவேகத்தை அளக்க முடியுமா என்று கேட்பார்கள். பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிலையத்தில் பால் பால்டெஸும் உர்சுலா ஸ்டௌடிங்கரும் முயன்றார்கள். '15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள்; என்னென்ன யோசிப்பீர்கள்?' என்பது போல் ஒரு சிக்கலைக் கொடுத்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லி, அதை ஐந்து கோணத்தில் மதிப்பிட்டார்கள். உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்கள் மிகச் சிலர். ஐ.கியூவோடு தொடர்பு கொஞ்சம்தான். நம் ஊரில் ஒப்புக்கொள்ளச் சங்கடப்படும் முடிவு ஒன்றும் வந்தது: 20 வயதுக்கும் 75க்கும் இடையில் வயது ஏறுவதால் மட்டும் விவேகம் ஏறவில்லை.

அந்த ஐந்து கோணத்தையும் இங்குள்ள வீடுகளில் நடக்கும் ஒரு பேச்சில் வைத்துப் பார்க்கலாம். படிவம் 3 (இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு) படிக்கும் பையன் 'ஸ்கூல் போதும், ஃபேக்டரிக்குப் போறேன்' என்கிறான். அப்பா கையை ஓங்குகிறார், அம்மா அழுகிறார், மாமா 'போகட்டும் விடு, கஷ்டம் தெரியட்டும்' என்கிறார். மூவருமே ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முதல் கோணம், விவரம் தெரிவது: 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையில் வைக்கலாம் என்பதற்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்பாடு விதிக்கிறது, படிவம் 3க்குப் பிறகு தொழிற்கல்விக் கல்லூரி என்று ஒரு வழியும் இருக்கிறது. பள்ளியா ஃபேக்டரியா என்ற இரண்டே கதவுதான் என்று நினைப்பது விவரக் குறைவு. இரண்டாவது, எப்படிப் பேசுவது: யார் சொன்னால் கேட்பான், எப்போது? உறவினர் கூடிய கல்யாண வீட்டில் கேட்டால் பிடிவாதம்தான் வரும். மூன்றாவது, அவன் நிற்கும் இடம். தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குப் போனவனுக்குப் பாடம் புரியாமல் மூன்றாண்டு ஓடியிருக்கலாம். வீட்டுக் கடன் பேச்சு இரவில் அவன் காதில் விழுந்திருக்கலாம். யாராவது அவனை மிரட்டிக்கொண்டிருக்கலாம். 'ஸ்கூல் போதும்' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் இம்மூன்றில் எது என்று கேட்காமல் சொல்லும் புத்திமதி காற்றோடு போகும். நான்காவது, கையில் காசு வருவதை அவன் மதிக்கிறான், சான்றிதழை நீங்கள் மதிக்கிறீர்கள். அவனுடையது மதிப்பே இல்லை என்று தள்ளாமல் பேச வேண்டும். ஐந்தாவது, இன்று எடுக்கும் முடிவு தவறாகவும் போகலாம் என்பதை ஒப்புக்கொள்வது. மூன்று மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேச ஒரு தேதியை நாள்காட்டியில் குறித்துவிட்டால், இருதரப்பும் பின்வாங்க மானம் போகாமல் ஒரு வாசல் திறந்திருக்கும்.

இதில் ஒரு விசித்திரம். அடுத்த வீட்டுச் சிக்கலுக்கு நாம் சொல்லும் யோசனை நம் வீட்டுச் சிக்கலுக்கு வருவதில்லை. உளவியலாளர்கள் இகோர் கிராஸ்மனும் ஈதன் கிராஸும் 2014இல் இதை ஆராய்ந்து காட்டினார்கள். தன் சிக்கலையே வெளியாள் போல் தள்ளி நின்று பார்க்கச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்தது. ஆகவே அந்த அப்பா கையை ஓங்கும் முன், 'எதிர்வீட்டுப் பிள்ளை இப்படிச் சொன்னால் அவன் அப்பாவுக்கு நான் என்ன சொல்வேன்?' என்று கேட்டு அதை ஒரு தாளில் எழுதலாம். மனத்துக்குள் கேட்டால் போதாது. இரண்டாவது நிமிடத்தில் 'நான் பெத்த புள்ள' என்று திரும்பிவிடும்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாணவர் பக்கத்தில் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்குகளை அதே வரிசையில் போடுங்கள். ஆறாவதும் ஏழாவதும் கட்டாயம் இருக்கட்டும். விடையைப் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிட வேண்டாம். நாளிதழைத் திருப்பிப் பிடிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு நொடி போதும். அடுத்த ஞாயிறு போடுங்கள்.

இப்படிக்கு,
உளவியல் கற்பிக்கும் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.